சோடா ஊற்றில் உப்பு

முப்பத்துமூன்று வருடம் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தவள் நான். குடிப்பதற்கில்லை, பரிசோதிப்பதற்கு. சங்கரன்கோவிலில் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் இரண்டு அறை. அதுதான் எங்கள் நீர் ஆய்வுக்கூடம். என் பெயர் கோமதி. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு என்பதால், 'பாட்டில் கோமதி' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஒரு பொம்பளைக்கு வரக்கூடிய பட்டப்பெயரா இது என்று என் மாமியார் கடைசிவரை வருத்தப்பட்டார்.

போன மாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். கிராமத்துப் பெண்களுக்குப் புதிதாக ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே காகிதப் பட்டைகள். தண்ணீரில் முக்கினால் நிறம் மாறும். செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. "ரெண்டே நிமிசந்தான் யக்கா" என்று ஒருத்தி செய்து காட்டினாள். எனக்குச் சந்தோஷம்தான். இது அப்போதே வந்திருந்தால் என் வலது தோள் இன்று இப்படிக் குடைச்சல் கொடுக்காது. பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் அந்தப் பெண் எழுந்து, "யக்கா, நீங்க எப்பமாவது தப்பா ரிசல்ட் குடுத்திருக்கியளா?" என்று கேட்டுவிட்டாள். இப்போதைய அதிகாரி மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"குடுத்திருக்கேன் மக்கா. ஒரு ஊத்தையே பூட்டிப்போடுத அளவுக்குக் குடுத்திருக்கேன்" என்றேன். சொல்லி முடிக்க நேரம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த வேதியியல், பள்ளிக்கூடத்தில் சோடியத்தைத் தண்ணீரில் போட்டு வெடிக்க வைத்தது மட்டும்தான். முதல் இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன். மூன்றாவது வருடம் பாட்டிலைச் சரியாகக் கழுவினேன். பிறகு மரப்பெட்டியைத் தோளில் மாட்டி அனுப்பினார்கள். பஸ்ஸில் ஏறினால் உள்ளே கண்ணாடி கிலுகிலுக்கும். "யக்கா, சரக்கு எங்க போவுது?" என்று கண்டக்டர் ஆரம்பிப்பார். "உம்ம வீட்டுக்குத்தான், வழி சொல்லும்" என்பேன். புளியங்குடி பஸ்ஸில் எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே என் பெட்டிக்கென்றே ஓர் இடம் விட்டு வைப்பார்கள்.

தண்ணீர் பிடிப்பதில் என்ன பெரிய வித்தை என்று நினைப்பீர்கள். எந்தத் தண்ணீரைப் பிடிக்கிறோமோ அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று தடவை அலச வேண்டும். பிடிக்கும் முன்பே சீட்டு ஒட்ட வேண்டும். பிடித்தபின் ஈரத்தில் ஒட்டாது. தண்ணீருக்குள் வைத்தே மூடியைத் திருக வேண்டும். பாட்டிலுக்குள் கடுகளவு காற்றுக் குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். சூட்டை அங்கேயே நின்று அளக்க வேண்டும். கடைசியாகப் படிவம். அதில் எட்டுக் கட்டங்கள். ஊர், நாள், நேரம், ஆழம் என்று ஏழு கட்டம் யாரும் நிரப்பிவிடலாம். எட்டாவது, 'சுற்றுப்புறம்'. அங்கே என்ன பார்த்தாய், யாரைக் கேட்டாய், என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டும்.

அந்த எட்டாவது கட்டத்துக்காகவே பிறந்தவர் எங்கள் அதிகாரி சிவசைலம் சார். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. எதையும் முதலில் முகர்ந்து பார்ப்பார். பாட்டில் வந்தால் மூடியைத் திறந்து முகர்வார், படிவத்தை முகர்வார், டீக்கடைப் பையன் கொண்டுவரும் கிளாஸையும் முகர்ந்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். வீட்டில் சாம்பாரை முகர்ந்ததற்காக அவர் சம்சாரம் ஒரு வாரம் பேசவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். எட்டாவது கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொண்டுபோனால் திட்டமாட்டார். படிவத்தை மெதுவாகத் திருப்பி என் பக்கம் தள்ளி, "ஏம்மா, ஒண்ணுமே இல்லாத இடத்துக்கா போயிட்டு வந்தீங்க?" என்பார். அதைவிட நாலு அறை வாங்கிக்கொள்ளலாம். நான் அதன்பிறகு செத்த காக்கை, துணி துவைக்கிற கல், எருக்குழி, பக்கத்து வீட்டுக்காரியின் புகார் என்று ஒன்றுவிடாமல் எழுதப் பழகினேன். பழகியதாக நினைத்துக்கொண்டேன்.

என் வேலையில் பாதிக்கு மேல் கழிந்திருந்த சமயம், குருவிகுளத்தைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஊராட்சித் தலைவரின் கடிதம் வந்தது. தங்கள் ஊரில் எரிமலை ஊற்று ஒன்று கவனிப்பாரின்றிக் கிடப்பதாகவும், அதன் தண்ணீரைச் சோதித்துத் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தார். சார் கடிதத்தை முகர்ந்தார். "எரிமலையா? நம்ம பக்கமா?" என்று சிரித்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

ஆடி கடைசி வெள்ளிக்கு மறுநாள் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் தலைவர் வெள்ளை வேட்டியில் நிற்கிறார். சுப்பையா என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாத மனிதர். ஊருக்கு வெளியே சீமைக்கருவேலக் காட்டுக்கு நடுவில் ஒரு பள்ளம். அதில் கல்லால் கட்டிய சதுரக் கிடங்கு, இறங்குவதற்கு எட்டுப் படி. அடியில் தண்ணீர் குபுகுபுவென்று உலை கொதிப்பது போல் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்து ஓட்டை வழியாகக் கசிந்து, தாழ்வான தரையில் ஒரு சின்ன வாய்க்காலாக ஓடியது. ஊரார் வைத்த பெயர் சோடா ஊத்து. தெருவுக்குத் தெரு குழாய் வந்தபிறகு தண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை.

"மேடம், அடியில எரிமல இருக்கு. தூங்குது" என்றார் தலைவர்.

"யாரு சொன்னா அண்ணாச்சி?"

"யாரும் சொல்லணுமா? கண்ணு முன்னால கொதிக்குதுல்லா! வெளிநாட்டுல இந்த மாதிரி கேஸ் வார குழிக்குள்ள சனங்க கழுத்து மட்டும் உக்காந்திருக்கு. போன்ல பாத்தேன். தோல் வியாதி, மூட்டுவலி எல்லாம் பறந்து போயிருதாம். நம்ம ஊர்லயும் ஒண்ணு கட்டிருவோம்னு இருக்கேன்."

தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கி எடுத்தேன். சாதாரணக் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி. "சூடே இல்லையே அண்ணாச்சி" என்றேன்.

"அதான் தூங்குதுன்னு சொல்லுதேன்லா மேடம். முழிச்சா சூடாயிரும்."

மேல்படியில் கோலம் போட்டிருந்தது. எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் புதுத் துண்டு, கையில் இளநீர். உண்மையைச் சொல்கிறேன், அத்தனை வருட சர்வீஸில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. எருக்குழி ஓரம் நின்றே பழகியவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நீங்க வாரீயன்னு காலையிலயே ஆள் விட்டு ஊத்தச் சுத்தமா அரிச்சு எடுத்தாச்சு மேடம். ஒரு தூசி இருக்காது" என்றார். உண்மையிலேயே ஒரு தூசி இல்லை. வழக்கமாக ஊருக்குள் போய் நாலு பேரிடம் விசாரிப்பேன். அன்று இளநீரைக் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டாவது கட்டத்தில் 'மிகவும் சுத்தமாக உள்ளது. கோலம் போடப்பட்டுள்ளது' என்று எழுதினேன். மேல்படியில் நின்றே கயிற்றில் பாட்டிலை விட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அழகானது. தண்ணீரில் மஞ்சள் நிற மருந்து ஒரு துளி விட்டு, மேலேயிருந்து வெள்ளி கலந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். மஞ்சள், செங்கல் நிறத்துக்குத் திரும்பினால் குழாயை மூடி, எவ்வளவு இறங்கியது என்று பார்ப்போம். அன்று இறங்கிக்கொண்டே இருந்தது, நிறம் திரும்பவேயில்லை. குழாய் காலியாகி மறுபடி நிரப்பினேன். சார் எழுந்து வந்தார். தானே ஒரு தடவை செய்தார், அதே கதை.

"ஏம்மா, பக்கத்துல ஆடு மாடு அடைக்காங்களா? உரக் கிடங்கு ஏதும்?"

"ஒண்ணும் இல்ல சார். கழுவி வச்ச மாதிரி இருந்துச்சு."

"ஊர்ல விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன் சார்" என்றேன். தலைவரிடம் பேசியது விசாரித்தது தானே என்று எனக்குள் ஒரு சமாதானம். சார் கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 'தாது உப்புகள் மிகுந்த நீர். குடிக்க ஏற்றதல்ல.' தலைவர் முதல் வாக்கியத்தோடு வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். குடிக்கவா போகிறோம், குளிக்கத்தானே! எங்கள் அறிக்கையைப் பெரிசாக்கி, பின்னால் தீ கக்குகிற மலையோடு குருவிகுளம் முக்கில் பேனர் வைத்துவிட்டார். பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, புரட்டாசி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம், ஒரு பெண் ஆய்வுக்கூடத்து மாடிப்படி ஏறி வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். கையில் பிளாஸ்டிக் கேன், தலையில் சும்மாடு போல் சுற்றிய துண்டு.

"இங்கன பாட்டில் கோமதிங்கது யாரு?"

"நான்தான். என்ன வேணும்?"

"நீதானா ஏட்டி என் ஊத்துல உப்பு இருக்குன்னு எழுதினவ?"

அவள் பெயர் வெள்ளத்தாய். அறுபது செம்மறி வைத்திருந்தாள். சோடா ஊற்றிலிருந்து வழியும் அந்த வாய்க்கால்தான் அவள் ஆடுகளுக்குக் கோடை முழுக்கத் தண்ணீர். தலைவர் ஊற்றையும் வாய்க்காலையும் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார். கிடங்கின்மேல் அறை எழும்பிக்கொண்டிருக்கிறது. இனி வாய்க்காலுக்குப் போகிற ஓட்டையையும் சிமெண்ட் வைத்து அடைக்கப் போகிறார். "ஆட்டக் கம்மாய்க்குப் பத்துதேன். அங்க சேறுதான் கெடக்கு. நாலு குட்டி போயிட்டு. இன்னும் மழைக்கு ஒரு மாசம் இருக்கு. கேட்டா, கவுருமெண்டே இது மருந்துத் தண்ணின்னு எழுதிக் குடுத்திருக்கு, ஆட்டுக்கு எதுக்குங்காரு" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாங்க எழுதினது பொய்யா? ரெண்டு தடவ பாத்திருக்கோம். அவ்வளவு உப்பு இருக்கு."

"உப்புத் தண்ணி குடிச்சா ஆடு கழிஞ்சு சாவும். என் ஆடு வருசமெல்லாம் அங்கதான் குடிக்கு. கழியல. பின்ன எப்படி உப்பு?" கேனைத் திறந்து தானே பாதியைக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "இந்தா, முள்ளுக்கம்பிக்குள்ள கைய விட்டுப் பிடிச்சது. குடிச்சுப் பாரு."

ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது விதி. வைத்தேன். நாக்கில் சுருசுரு என்றது. உப்பு? பேருக்குக்கூட இல்லை.

"நீ எப்ப வந்த?"

"ஆடி கடைசி வெள்ளிக்கு மறுநாள்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எம்மா, நீ இந்த ஊருக்காரிதான? வெள்ளிக்கெழம சனமெல்லாம் மருவுக்கும் சொறிக்கும் உப்பும் மிளகும் கொண்டாந்து அங்கன கொட்டும்லா. ஆடி வெள்ளின்னா பொட்டலம் பொட்டலமா விழும். வெள்ளி சனி ரெண்டு நாளும் நான் ஆட்ட அந்தப் பக்கமே விடமாட்டேன். மிளகு மேல மெதக்கும், பூ மெதக்கும். அத அரிச்சு எடுத்தா சரியாப் போச்சா? கரைஞ்ச உப்ப எவன் அரிக்க?"

கழுத்து மருவுக்காக அந்த ஆடி வெள்ளியன்று நானே எங்கள் கோயிலில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தவள். அதே கையால் மறுநாள் காலையில் பாட்டிலை இறக்கியிருக்கிறேன். ஊர் மக்கள் கொட்டிய சமையல் உப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பூமிக்குள்ளிருந்து வந்த தாது என்று சாரைக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன். அதுவும், விசாரித்தேன் என்று பொய் சொல்லி.

அன்று சாயங்காலம் வரை சாரிடம் சொல்லவில்லை. அவருக்கு ஓய்வு பெற எட்டே வாரம். தவறான அறிக்கை என்று மேலே தெரிந்தால் அவருடைய ஓய்வுக் காகிதங்களோடு இதுவும் சேர்ந்துகொண்டு அலையும். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. ஆனால் அந்தக் கேன் என் மேசையிலேயே இருந்தது, அதற்குள் குமிழி வந்துகொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் ஐந்து மணிக்கு அவர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"அறை கட்டுதாருன்னு சொன்னீங்களே. ஜன்னல் உண்டா?"

"தெரியல சார். கேஸ் வீணாப் போகக் கூடாதுன்னு நாலு பக்கமும் அடைக்காராம்."

அவர் முகம் மாறியது. கேனை வாங்கி முகர்ந்தார். ஒரு கண்ணாடிக் குழாயை வளைத்து, அந்தத் தண்ணீரிலிருந்து வருகிற காற்றைச் சுண்ணாம்புத் தெளிநீருக்குள் விட்டார். தெளிநீர் பால் போல் வெளுத்தது. "நிசமாவே சோடாதான், கரியமில வாயு. இந்தக் கேஸ் காத்த விடக் கனம்மா. மேல போகாது, பள்ளத்துல படுத்துக் கெடக்கும். திறந்த வெளியில காத்து அடிச்சுக் கொண்டு போயிரும். கூரை போட்டு மூடினா?" என்றவர், எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாளைக்கு முதல் பஸ் எத்தன மணிக்கு?"

முட்டிவலியால் வருஷக்கணக்கில் வெளியூர்ச் சோதனைக்கே வராத மனிதர், மறுநாள் என்னோடு பஸ் ஏறினார். ஒரு பழைய பெயிண்ட் டப்பா, கயிறு, ஒரு கட்டு மெழுகுவர்த்தி. கண்டக்டர் என் பெட்டியையும் அவர் டப்பாவையும் பார்த்துவிட்டு, "யக்கா, இன்னைக்குப் பங்குக்காரரோட போறீயளோ?" என்றார். சார் சிரித்த சிரிப்பில் டிக்கெட்டே எடுக்க மறந்துவிட்டார்.

ஊற்றின்மேல் புத்தம்புது அறை நின்றது. ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரக் கூரை, ஒற்றைக் கதவு. உள்ளே படிகளின் அடியில், தண்ணீரை ஒட்டி உட்கார டைல்ஸ் திண்டு. வெள்ளிக்கிழமை திறப்பு. நாங்கள் போனது புதன்கிழமை. கம்பி வேலிக்கு வெளியே வெள்ளத்தாய் ஆடுகளோடு கொதிப்பாக நின்றுகொண்டிருந்தாள். தலைவர் கும்பிடு போட்டு வரவேற்றார்.

நான் முதலில் என் பாவத்தைச் சொன்னேன். "அண்ணாச்சி, அந்த உப்பு ஊத்துல இருந்து வந்தது இல்ல. சனம் போட்டது. நான் கவனிக்காம எழுதிட்டேன். அந்த ரிசல்ட் தப்பு."

தலைவர் ஒரு நிமிடம்தான் திகைத்தார். "அதனால என்ன மேடம்? உப்புதான வேணும்? தூத்துக்குடியில இருந்து ஒரு லோடு இறக்கிட்டாப் போச்சு! உள்ள வாங்க சார், பாருங்க" என்று கதவைத் திறந்து காலை வைக்கப் போனார். ஒருநாளும் யாரையும் தொட்டுப் பேசாத சார், எட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"நில்லும்! யாரும் உள்ள போகக் கூடாது."

டப்பாவுக்குள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, ஒரு நீளக் கம்பின் நுனியில் தொங்கவிட்டு, வாசலில் நின்றபடியே சார் உள்ளே நீட்டினார். முதல் படியில் சுடர் நின்று எரிந்தது. மூன்றாம் படியில் குன்றியது. ஐந்தாம் படிக்கு இறக்கியதும் அணைந்தது. புகை மேலே போகாமல் அப்படியே பாய் விரித்தது போல் படுத்துக்கொண்டது.

"காத்து அடிச்சிருக்கும் சார்" என்றார் தலைவர்.

"உள்ள ஏது காத்து?" என்றார் சார். மறுபடி கொளுத்தி இறக்கினார். அதே படியில் அணைந்தது. தலைவருக்கு நம்பிக்கை வரவில்லை. காய்ந்த ஓலையைச் சுருட்டித் தானே தீ வைத்து, கம்பில் கட்டி நீட்டினார். அவ்வளவு பெரிய தீ, யாரோ கையால் பொத்தியது போல் பொசுக்கென்று போய்விட்டது.

"தீ எரியாத எடத்துல மனுசன் மூச்சு விட முடியாது" என்றார் சார். "இந்தத் திண்டுல உக்காந்தா, நாலு நிமிசத்துல மயக்கம் வரும். தூக்கப் போறவனும் விழுவான். கொத்தனாரு யாருக்கும் ஒண்ணும் ஆகலையா?"

"கூரை போட்டதுல இருந்து தல சுத்துதுன்னு ரெண்டு பேரு வரல" என்றார் தலைவர். குரல் இறங்கிவிட்டது.

வேலிக்கு வெளியிலிருந்து வெள்ளத்தாய் சத்தம் கொடுத்தாள். "நான் சொன்னேனா இல்லையா? காத்தில்லாத நாள்ல கீழ்ப்படிக்குக் குட்டி எறங்குனா தள்ளாடும். அதான் வாய்க்கால்லதான் காட்டுவேன். சொன்னா, ஆடு மேய்க்கவளுக்கு என்ன தெரியும்னீரு!"

அப்போதுதான் தலைவரின் மனைவி பேச்சியம்மாள் பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தார். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய ரவிக்கை, கழுத்தைச் சுற்றி இழுத்துச் செருகிய முந்தானை. தம்ளரை நீட்டியபோது கை விரல்களைப் பார்த்தேன். தோல் வெடித்துச் செதில் செதிலாக இருந்தது. நான் பார்த்ததைப் பார்த்து விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

தலைவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியைப் பற்றிக் கவலையில்லை. "சார், வெள்ளிக்கெழம காலையில இவளத்தான் முதல்ல உள்ள உக்கார வச்சு, கதவச் சாத்தணும்னு இருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கணும்னு போன்ல சொன்னான். வெளியில போடப் பூட்டுகூட வாங்கி வச்சிருக்கேன், யாரும் வந்து பாத்திரக் கூடாதுன்னு" என்றார். பதினாறு வருஷமாக அந்த அம்மா ஒரு கல்யாண வீட்டுக்குப் போனதில்லையாம். பார்க்காத டாக்டர் இல்லையாம். அந்தக் கதவைச் சாத்த எழுதிக் கொடுத்த காகிதத்தில் இருப்பது என் எழுத்து.

பேச்சியம்மாளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. "எனக்கா? இந்த எரிமலக் கூத்தெல்லாம் எனக்கா?" என்றார். பிறகு அழுதுகொண்டே சிரித்தார். "கோட்டிக்கார மனுசா! எனக்குச் சொறிஞ்சா சொறிஞ்சுட்டுப் போவுது. நான் போயிட்டா உம்மக் கூட எவ குடும்பம் நடத்துவா? இடிச்சுப் போடும் அத!"

தலைவர் எழுந்தார். ஆள் கூப்பிடவில்லை. ஏணி வைத்துக் கூரைத் தகரங்களைத் தானே கழற்றி எறிந்தார். கடப்பாரையால் காற்று வருகிற பக்கத்துச் சுவரை வெளியிலிருந்தே இடித்தார். பாதிக்குமேல் மூச்சு வாங்கவே, வெள்ளத்தாய் வேலியைத் தாண்டி வந்து, "தள்ளும்வே" என்று கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டாள். மத்தியானக் காற்று உள்ளே புகுந்து வெளியேற ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் விட்டு சார் மறுபடி மெழுகுவர்த்தியை இறக்கினார். கடைசிப் படியில் ஆடி ஆடி எரிந்தது. அதன்பிறகுதான் வேலியைப் பிரித்து, வாய்க்கால் ஓட்டையில் முந்தினநாள் வைத்திருந்த சிமெண்டைக் குத்தி எடுத்தார்கள். தண்ணீர் கலங்கலாக வந்து, தெளிந்து, ஓடியது. அறுபது செம்மறியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்து வந்து தலையைக் குனிந்துகொண்டன. வேறு சத்தமே இல்லை, உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

நான் பாட்டிலை எடுத்தேன். சார் கேட்கவில்லை, நானே ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணி அலசினேன்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. என் பெயரைப் போடுங்கள் என்று சாரிடம் கெஞ்சினேன். அவர் இரண்டே வரி எழுதினார்: முதல் அறிக்கை தவறு, பொறுப்பு என்னுடையது, திருத்திய அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. என்னைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. அன்று பாட்டில் கழுவுகிற தொட்டிப் பக்கம் போய் அழுதேன், அதைச் சொல்ல என்ன வெட்கம். சாருக்கு ஓய்வூதியம் ஒரு மாதம் தாமதமாக, ஆனால் முழுசாக வந்தது. ஓய்வு பெற்றுப் போகிற அன்று எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார். கழுத்தில் போட்ட மாலையையும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

அடுத்த சித்திரையில் வழக்கமான சோதனைக்கு அந்த ஊற்றுக்குப் போனேன். இந்தத் தடவை புதன்கிழமை பார்த்து, ஊருக்குள் நாலு வீட்டில் விசாரித்துவிட்டு. இடித்த சுவர்க் கற்களை வாய்க்கால் ஓரம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றின்மேல் பேச்சியம்மாள், ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெள்ளத்தாயின் ஆடுகள் குடித்துக்கொண்டிருந்தன. வெள்ளத்தாய் கொஞ்சம் தள்ளி நின்று ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, சரியாப் போச்சா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"எங்கம்மா சரியாச்சு? அப்படியேதான் இருக்கு" என்று கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். மூடிக்கொள்ளவில்லை. "தெனமும் வந்து உக்காருதேன்."

"பின்ன எதுக்கு வாரீய?"

ஒரு குட்டி அவர் முழங்கையை உரசிக்கொண்டு தண்ணீரில் வாயை வைத்தது. அதன் தலையை ஈரக் கையால் தடவினார்.

"இதுங்க யாரும் என்னப் பாத்து எழுந்து தள்ளி உக்காராதும்மா" என்றார்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, அவரை ஒட்டி அதே கல்லில் உட்கார்ந்தேன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.